பெரிய பெர்ச் பிடிக்கப் போகும் குன்னூர்த் தம்பிக்கு

குன்னூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எமரால்டு அணையில் 12 அடிக் கம்பு போட்டு 5 கிலோ, 6 கிலோ கெண்டை பிடித்துப் பழக்கம். அடுத்த மாதம் வேலைக்காக இங்கிலாந்து போகிறேன், பெட்ஃபோர்டு ஊரில் தங்கல். அங்கே ஆற்றில் பெரிய பெரிய பெர்ச் இருக்கிறதாம். அதைத் தாங்க எவ்வளவு பலமான கம்பு வேண்டும்? இருப்பதிலேயே பலமானதாகப் பார்த்து இங்கேயே வாங்கிவிடட்டுமா?"

தம்பி, நீங்கள் கேட்டது கம்பின் பலத்தைப் பற்றி. ஆனால் உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது, அந்த மீன் கையில் வந்து சேர என்ன வேண்டும் என்பது. இரண்டுக்கும் பதில் வேறு வேறு. நான் ஊட்டிக்காரன். ஆஸ்பத்திரி வேலைக்காகப் போய் ஒன்பது வருஷம் அந்தப் பெட்ஃபோர்டு பக்கமே இருந்தேன். நீங்கள் தங்கப்போகும் ஊர் வழியாக ஓடும் கிரேட் அவுஸ் ஆற்றங்கரையில்தான் என் ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன. திரும்பி வந்த பிறகு கம்பு பழுது பார்ப்பது, உடைந்த நுனிக்கு ஒட்டுப் போடுவது, வளையத்துக்கு நூல் சுற்றி எபாக்ஸி பூசுவது என்று கை சும்மா இருப்பதில்லை. அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம், ஏனென்றால் 'பலமான கம்பு' என்ற எண்ணம் அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். பெர்ச் என்ற பெயரில் பல மீன்கள் உலாவுகின்றன. நம் ஊர்க் குளத்துப் பனையேறிக் கெண்டையை வெள்ளைக்காரர்கள் ஏறும் பெர்ச் என்பார்கள். ஆப்பிரிக்காவில் விக்டோரியா ஏரியில் நைல் பெர்ச் என்று ஒன்று, ஆள் உயரம் வளரும், 100 கிலோவைத் தாண்டும். கடலோரக் கொடுவாவையும் பெர்ச் என்று எழுதுகிறவர்கள் உண்டு. 'பெரிய பெர்ச்' என்று வீடியோ தேடினால் இவைதான் முதலில் வந்து நிற்கும், அதைப் பார்த்தால் யாருக்கும் இரும்புக் கம்பி போல ஒன்று வாங்கத்தான் தோன்றும். நீங்கள் போகிற இடத்துப் பெர்ச் வேறு. பச்சை உடம்பில் புலி போலக் கறுப்புப் பட்டை, அடியில் செவ்வரளி நிறத்தில் துடுப்பு, முதுகில் முள்ளெழும்பிய பெரிய துடுப்பு ஒன்றும் அதற்குப் பின்னால் மெத்தென்ற துடுப்பு இன்னொன்றும். அரைக் கிலோ இருந்தாலே நல்ல மீன் என்பார்கள். 3 பவுண்டு, அதாவது சுமார் 1.36 கிலோவில் ஒன்று கிடைத்துவிட்டால் அந்தப் பருவம் முழுக்க அதே பேச்சாக இருக்கும். பிரிட்டனில் தூண்டிலில் பிடிபட்ட பெர்ச்சில் சாதனை எடை 6 பவுண்டு 3 அவுன்ஸ், சுமார் 2.8 கிலோ. நீங்கள் எமரால்டில் பிடித்த கெண்டையில் பாதி.

ஆகவே தாங்குமா என்ற கேள்விக்கே இடமில்லை. கடையில் கிடைக்கிற எந்த ஒழுங்கான கம்பும் ஒரு பெரிய பெர்ச்சைத் தாங்கும். சிக்கல் அந்த மீனின் வாயில் இருக்கிறது.

கெண்டையின் வாயை நீங்கள் விரலால் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். தடித்த ரப்பர் போல உதடு, முள் ஏறினால் ஏறினதுதான், பிடுங்க நாம்தான் பாடுபட வேண்டும். பெர்ச்சின் வாய் அப்படியல்ல. இரையை உறிஞ்சும்போது அது குழாய் மாதிரி முன்னால் நீளும். அப்படி நீள்வதற்காகவே மேல்தாடை எலும்புக்கும் கன்னத்துக்கும் நடுவில் மெல்லிய சவ்வு இருக்கிறது, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் நிழலாடும். முள் எலும்பில் பட்டால் உள்ளே இறங்காமல் சும்மா கவ்விக்கொண்டு நிற்கும், சவ்வில் பட்டால் சுலபமாக இறங்கிவிடும், ஆனால் இழுக்க இழுக்கத் துளை பெரிதாகிக்கொண்டே போகும். இதற்கு மேல் பெர்ச்சுக்கு ஒரு பழக்கம்: கெண்டை போல ஒரே மூச்சில் ஓடாது, நின்ற இடத்தில் தலையை உதறும். டக், டக், டக் என்று நுனியில் தெரியும், வேறு எந்த மீனும் அப்படித் தட்டாது. ஒவ்வொரு உதறலிலும் தூண்டில் நரம்பு ஒரு நொடி தளர்ந்து மறுபடி விறைக்கும். அந்தத் தளர்ச்சியை உடனே எடுத்துக்கொண்டு, அந்த விறைப்பை மென்மையாக வாங்கிக்கொள்கிற கம்புதான் பெர்ச் கம்பு. விறைத்த கம்பு ஒவ்வொரு உதறலையும் நேராக அந்தச் சவ்வுக்கே திருப்பி அனுப்பும்.

இதை நான் தெரிந்துகொண்டது ஒரு நவம்பர் மாலை. உங்களைப் போலவே நானும் இங்கே கெண்டை பிடித்துப் பழகிய ஒரு கனமான கம்பைத்தான் கையோடு கொண்டுபோயிருந்தேன். ஆற்றோரம் ஒரு வில்லோ மரம், கிளை தண்ணீருக்குள் தொங்கும், அதன் நிழலில் ஒரு புழுவைப் போட்டேன். தக்கை இரண்டு முறை தலையாட்டிவிட்டு மெதுவாகப் பக்கவாட்டில் நகர்ந்தது. தூக்கினேன். கனம் தெரிந்தது, அந்தத் தட்டல் தெரிந்தது, கரைக்கு ஒரு முழம் தூரத்தில் அந்த முதுகுத் துடுப்பு தண்ணீருக்கு மேலே விசிறி மாதிரி விரிந்தது. நான் பார்த்திராத அளவு. கம்பு கொஞ்சம்கூட வளையவில்லை. மீன் ஒரு முறை தலையை உதறியது, நரம்பு வெறுமனே என் மார்பில் வந்து விழுந்தது. முள்ளை எடுத்துப் பார்த்தேன், வளையவில்லை, முனை மழுங்கவில்லை. முனையில் அரிசிக் கஞ்சியின் ஆடை மாதிரி ஒரு துளி சவ்வு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்து என் கம்பின் நுனியைப் பிடித்து வளைத்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் தன் கம்பை என் கையில் கொடுத்தார். அதை ஒரு முறை ஆட்டினதுமே எனக்கு விளங்கிவிட்டது.

நம் பழக்கத்தைக் குறை சொல்லவில்லை. நம் மலையில் கனமான கம்பு தேவைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. எமரால்டு ஒரு மின்சார நீர்த்தேக்கம். கரை சரிவு, தண்ணீர் மட்டம் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும், மீன் கரையிலிருந்து தள்ளி நிற்கும். மாவு உருண்டையும் ஈயமும் சேர்த்து 80 கிராமைத் தூரமாக வீச வேண்டும். அடியில் முங்கின மரத்தின் வேர்க்கட்டை, கெண்டை அதற்குள் ஓடுவதற்கு முன்னால் திருப்ப வேண்டும். அதற்குக் கம்பு விறைப்பாகத்தான் வேண்டும். வெள்ளைக்காரர்கள் நம் மலைக்குத் தங்கள் மீன்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார்கள்: 19ஆம் நூற்றாண்டில் டென்ச், 1860களில் ஃபிரான்சிஸ் டே டிரவுட்டைக் கொண்டுவரப் பார்த்துத் தோற்றார், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெச்.சி. வில்சன் அவலாஞ்சியில் மீன்குஞ்சு பொரிப்பகம் வைத்து வானவில் டிரவுட்டை நிலைக்க வைத்தார், கண்ணாடிக் கெண்டை 1939இல் இலங்கை வழியாக ஊட்டிக்கு வந்தது. பெர்ச் நம் பக்கம் வந்து குடியேறவில்லை. அதனால்தான் அதற்கான கம்பும் நம் கடைகளில் அந்தப் பெயரில் கிடைப்பதில்லை, அதைப் பற்றிப் பேசுகிறவர்களும் இல்லை.

சரி, கம்புக்கு வருவோம். ஒரு கம்பைப் பார்க்கும்போது முதலில் படிக்க வேண்டியது பிடிக்கு மேலே சின்ன எழுத்தில் எழுதியிருக்கும் வீசும் எடை. '5–20 கிராம்' என்று இருந்தால் அந்த எடைக்குள் உள்ள இரையை அது நன்றாக வீசும் என்று அர்த்தம். மீனின் எடைக்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை, இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கம்பு ஒரு வில் மாதிரி. பின்னால் கொண்டுபோகும்போது இரையின் எடை அதை வளைக்க வேண்டும், வளைந்தது நிமிரும்போதுதான் இரை பறக்கும். பெர்ச்சுக்கு நீங்கள் போடப்போவது 5 முதல் 10 செ.மீ. நீளமுள்ள ரப்பர் மீன், அதைக் கோக்க 3 முதல் 10 கிராம் ஈயத்தலை, அதாவது முள்ளோடு சேர்ந்த ஈயக் குண்டு. 7 கிராம் ஈயத்தலையில் 3 கிராம் ரப்பரைக் கோத்தால் மொத்தம் 10 கிராம். உங்கள் எமரால்டு கம்பு 10 கிராமை உணரவே உணராது. கையை எவ்வளவு வேகமாக வீசினாலும் இரை பத்தடி தள்ளி விழும், இரண்டாம் நாள் தோள் வலிக்கும். எழுதியிருக்கிற இரண்டு எண்களுக்கு நடுவில் உங்கள் இரையின் எடை விழுந்தால் கம்பு சரியாக வேலை செய்யும். கடைசி எண்ணை ஒட்டியே எப்போதும் வீசினால் ஒரு நாள் முறியும், அப்படி முறிந்த கம்புகள் என்னிடம் நிறைய வந்திருக்கின்றன.

ஆகவே செயற்கை இரை போடுவதற்கு என் உறுதியான பதில்: ஆறரை முதல் ஏழரை அடி நீளம், வீசும் எடை 5–20 கிராம் அல்லது அதையொட்டி, நுனி மென்மை, நடுவிலிருந்து அடிவரை கொஞ்சம் முதுகெலும்பு. 10 கிராம் இரையை நுனியில் தொங்கவிட்டால் நுனி கண்ணுக்குத் தெரியும்படி தலை சாய வேண்டும். கையால் நடுவில் அழுத்தினால் சட்டென்று மடங்கக் கூடாது. நுனி உதறலை வாங்கும், நடுப்பகுதி முள்ளை இறக்கும், இரண்டும் ஒரே கம்பில் இருக்க வேண்டும். கால்வாய் போல ஒடுங்கிய, மரம் கவிந்த இடமென்றால் ஆறரை அடி போதும். ஆறு அகலமாகி, புல்லுக்கு அப்பால் வீச வேண்டியிருந்தால் ஏழரை. இதற்கு மேல் நீளம் வேண்டாம்.

புழு போடுவது என்றால் கதை வேறு, கம்பும் வேறு. பெரிய பெர்ச்சுக்குப் பெரிய மண்புழுவைப் போல ஒரு இரை இல்லை என்று நான் சொல்வேன், உரித்த இறாலும் நன்றாக எடுக்கும். குளிர்காலத்தில், மீன் சோம்பிக் கிடக்கும்போது, ரப்பர் மீனைத் துரத்தாத பெர்ச்கூட அசைந்துகொண்டிருக்கும் புழுவை விடாது. இதற்கு 11 அல்லது 12 அடிக் கம்பு, அங்கே ஏவன் வகை என்பார்கள், அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராக வளையும். இதன் அளவை வீசும் எடையில் எழுத மாட்டார்கள், வளைவுச் சோதனை என்று பவுண்டில் எழுதுவார்கள். கம்பின் நுனி அடிக்குச் செங்கோணமாக வளைய எவ்வளவு எடை இழுக்க வேண்டுமோ அதுதான் அந்த எண். பெர்ச்சுக்கு 1 முதல் 1.25 பவுண்டு. கெண்டைக் கம்புகள் பெரும்பாலும் 2.75, 3 பவுண்டு.

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம், ஒரு செலவுமில்லை. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை முழுக்க நிரப்புங்கள். தண்ணீர் 500 கிராம், பாட்டிலோடு சேர்த்தால் கொஞ்சம் கூடுதல், கிட்டத்தட்ட 1.15 பவுண்டு வரும். கம்பின் அடிப்பகுதியை மேஜையோடு சமமாகப் பிடித்து ஒருவரை அழுத்திக்கொள்ளச் சொல்லுங்கள், நரம்பை எல்லா வளையத்திலும் கோத்து ரீலைப் பூட்டி நுனியிலிருந்து பாட்டிலைத் தொங்கவிடுங்கள். மெதுவாக, கையால் தாங்கி விடுங்கள், சட்டென்று விட்டால் முறியும். நுனி நேராகத் தரையைப் பார்த்தால் அது பெர்ச் கம்பு. லேசாகக் குனிந்து நின்றால் ஒரு லிட்டர் பாட்டிலை மாட்டுங்கள். அதற்கும் முழுதாகத் தலை குனியாவிட்டால் கெண்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள், பெர்ச்சுக்கு ஆகாது. நான் பழைய கம்பு வாங்குகிறவர்களுக்கெல்லாம் இதைத்தான் செய்து காட்டுகிறேன், ஏனென்றால் எழுத்து அழிந்த கம்பும் உண்டு, பொய்யாக எழுதிய கம்பும் உண்டு. ஒரே எச்சரிக்கை: அடியை நிமிர்த்தித் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு இந்தச் சோதனை செய்யாதீர்கள். கார்பன் கம்பு அப்படி வளைக்கும்போதுதான் நுனிக்குக் கீழே படீரென்று போகும்.

புழு போடும்போது கம்பு மென்மையாக இருந்தால் மட்டும் போதாது, இரையில் எதிர்ப்பே இருக்கக் கூடாது. பெர்ச் இரையை வாயில் வைத்து எதையாவது இழுப்பதாக உணர்ந்தால் துப்பிவிடும். ஆகவே தக்கை சின்னதாக, மேலே நுனி மட்டும் தெரியும்படி ஈயம் பூட்டியதாக இருக்கட்டும். முள் 4 அல்லது 6 எண். அதே நேரம் ரொம்ப நேரம் காத்திருக்கவும் கூடாது, பெர்ச் புழுவை ஆழமாக விழுங்கிவிடும், பிறகு முள்ளை எடுப்பதற்குள் மீன் செத்துவிடும். தக்கை நகர ஆரம்பித்ததுமே தூக்குங்கள். முள்ளின் எதிர்க்கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள்.

இதுவரை சொன்னது எனக்குச் சந்தேகமில்லாதது. இனி நிச்சயமில்லாதது. நுனி உள்ளே கூடாக இருக்க வேண்டுமா, கெட்டியாக இருக்க வேண்டுமா என்று அங்கே பெரிய விவாதம் நடக்கிறது. கெட்டி நுனி இன்னும் மெல்லியதாக, மென்மையாக இருக்கும், மீன் உறிஞ்சும்போது சந்தேகப்படாது என்கிறார்கள். கூடு நுனி அடியில் கல்லா, மண்ணா, இலையா என்று கைக்குத் தெளிவாகச் சொல்லும் என்கிறார்கள். நான் இரண்டையும் வைத்திருந்தேன். என் கையில் கூடு நுனிதான் நிறைய மீன் பிடித்தது, ஆனால் அதை வைத்துக்கொண்டுதான் நான் அதிக நேரமும் உட்கார்ந்திருந்தேன், ஆகவே அது ஆதாரமாகாது. கடையில் இரண்டையும் ஆட்டிப் பார்த்து உங்கள் கைக்குப் பிடித்ததை எடுங்கள். அதேபோல விலை. நடுத்தர விலைக்கு மேலே போகப் போக எடை குறையும், பளபளப்பு கூடும். மீன் கூடுமா என்று கேட்டால் நான் அப்படிப் பார்த்ததில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: பெரிய நீர்த்தேக்கங்களில் படகில் போய் ஆழத்தில் பெர்ச் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள், கிராஃபம் வாட்டர் அதற்குப் பெயர் போனது, உங்களுக்குப் பக்கம்தான். நான் கரை ஆள். படகுக் கம்பைப் பற்றி அந்தப் படகுக்காரர்களைக் கேளுங்கள்.

ரீலும் நரம்பும் கம்போடு ஒட்டிப் பிறந்தவை, அதையும் சொல்லாவிட்டால் பதில் அரைகுறையாகிவிடும். செயற்கை இரைக் கம்புக்கு 2000 அல்லது 2500 அளவு ரீல் போதும். பின்னல் நரம்பு போடுவதாக இருந்தால் 0.08 முதல் 0.10 மி.மீ., அதன் முனையில் ஓரிரு முழம் 6 முதல் 8 பவுண்டு தாங்கும் ஃபுளூரோகார்பன் நரம்பு. பின்னல் நரம்பு நீளாது, அதனால் அடியில் இரை தொட்டதுகூடக் கைக்குத் தெரியும், ஆனால் உதறலை வாங்கிக்கொள்ளவும் செய்யாது. கம்பும், ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கிற இழுவிசையும்தான் அதைச் செய்ய வேண்டும். நைலான் தங்கூசி நரம்பு நீளும். விறைப்பான கம்புதான் கையில் இருக்கிறது, வேறு வாங்க வழியில்லை என்றால் பின்னலை விட்டுவிட்டு 5, 6 பவுண்டு நைலான் போடுங்கள், பாதிக் குறை தீரும். இழுவிசையை விரலால் இழுத்துப் பார்த்து ஊகிக்காதீர்கள். நரம்பு முனையை ஸ்பிரிங் தராசில் கட்டி, கம்பை வளைத்து இழுங்கள், 600, 700 கிராமில் ரீல் நரம்பை விட ஆரம்பிக்க வேண்டும். நல்ல ரீல் கிறீச்சிடாமல், திக்காமல் விடும். திக்கித் திக்கி விடுகிற ரீல் எவ்வளவு நல்ல கம்பையும் வீணாக்கிவிடும், ஆகவே பணம் கொஞ்சம்தான் இருக்கிறதென்றால் கம்பில் மிச்சப்படுத்தி ரீலில் போடுங்கள்.

அதே ஆற்றில் பைக் என்று ஒரு மீன் உண்டு, நீண்ட முதலை வாய், ஊசி ஊசியாகப் பல், பெர்ச்சுக்குப் போட்ட ரப்பர் மீனை அது வந்து எடுக்கும். அதற்காகக் கம்பைக் கனமாக்க வேண்டாம், நுனியில் ஒரு மெல்லிய கம்பி இழை சேர்த்தால் போதும். கம்பி இல்லாமல் போட்டால் பைக் நரம்பை அறுத்துக்கொண்டு முள்ளோடு போய்விடும், அந்த மீன் வாயில் முள்ளோடு திரியும். பெர்ச் கம்பி பார்த்து ஒதுங்குமா என்றால், தெளிந்த தண்ணீரில் கொஞ்சம் ஒதுங்குவது போல எனக்குப் பட்டதுண்டு. ஆனாலும் பைக் இருக்கிற இடத்தில் நான் கம்பி போடாமல் வீசியதில்லை.

இங்கேயே வாங்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம் என்பேன். 12 அடிக் கம்பின் ஒரு துண்டே 6 அடி, விமானத்தில் அதற்குக் குழாய் கட்டி, தனிக் கட்டணம் கட்டி, போய்ச் சேரும்போது நுனி முறிந்திருந்தால் அழுவதைத் தவிர வழியில்லை. அங்கே பழைய கம்புகள் நல்ல நிலையில் கிடைக்கும், பாட்டிலை மட்டும் மறக்காதீர்கள். ரீல் உங்களுடையது நன்றாக இருந்தால் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பைக் கையோடு கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும் என்றால் நான்கு துண்டாகக் கழலும் பயணக் கம்பு பாருங்கள். வாங்கும்போது ஒவ்வொரு இணைப்பையும் பூட்டி, கண்ணை அடியில் வைத்து வளையமெல்லாம் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பார்த்து, லேசாக உதறிக் கேளுங்கள். 'க்ளிக்' என்று சத்தம் வந்தால் இணைப்பு தளர்ந்திருக்கிறது. எமரால்டில் போட்ட வலை, காலணி எதையும் ஈரத்தோடு எடுத்துப் போகாதீர்கள். ஒரு நீர்நிலையின் கிருமியும் பூச்சியும் இன்னொன்றுக்குப் போகக் கூடாது என்று அங்கே எல்லாக் கரையிலும் எழுதி வைத்திருப்பார்கள்: பார், கழுவு, உலர்த்து. பெர்ச்சுக்கு அதன் அருமை தெரியும்படி ஒரு கதை இருக்கிறது. 1976இல் விண்டர்மியர் ஏரியில் நோய் ஒன்று பரவி வளர்ந்த பெர்ச்சில் பெரும்பகுதியைக் கொன்றுவிட்டது.

சட்டத்தை இரண்டு வரியில் சொல்கிறேன், நம்மவர்கள் அங்கே மாட்டிக்கொள்வது இதில்தான். இங்கிலாந்தில் 13 வயது நிரம்பிய யாரும் நன்னீரில் தூண்டில் போட அரசின் தூண்டில் உரிமம் வேண்டும், அதற்கு மேல் அந்தக் கரைக்குச் சொந்தக்காரரின் அல்லது சங்கத்தின் அனுமதிச் சீட்டும் வேண்டும். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகளில் தூண்டில் போடக் கூடாது, மீன் முட்டையிடும் காலம். ஆற்றில் பிடித்த பெரிய பெர்ச்சை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பொரிக்கவும் முடியாது, 20 செ.மீ.க்கு உட்பட்ட சின்ன மீனில் சிலதைத்தான் சட்டம் அனுமதிக்கிறது, அதுவும் கரைக்காரர் சம்மதித்தால். பிடித்த பெரிய மீனை விட்டுவிடத்தான் வேண்டும். முதலில் எனக்கும் இது மனசுக்கு ஒட்டவில்லை. ஒன்றரைக் கிலோப் பெர்ச் ஆக அந்த மீன் எத்தனை வருஷம் பைக்கிடமிருந்தும் நாரையிடமிருந்தும் தப்பியிருக்க வேண்டும் என்று யோசித்தபோது ஒட்டிவிட்டது.

விடுவதற்காகப் பிடிக்கிறோம் என்றால் கம்பைத் தேர்வு செய்வதிலும் அது வரும். ரொம்ப மெல்லிய கம்பு போட்டு மீனைப் பதினைந்து நிமிஷம் அலைக்கழித்தால் அது களைத்துச் சாகும். 5–20 கிராம் கம்பு என்று நான் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம், 1–5 கிராம் கம்பில் பிடிப்பது விளையாட்டாக இருக்கும், பெரிய மீனுக்கு அது நல்லதல்ல. இன்னொன்று ஆழம். நம் கெண்டைக்கும் டிரவுட்டுக்கும் காற்றுப்பையிலிருந்து வாய்ப்பக்கம் ஒரு குழாய் இருக்கிறது, மேலே வரும்போது காற்றை வெளியே விட்டுவிடும். பெர்ச்சுக்கு அந்தக் குழாய் இல்லை. பத்து மீட்டர் ஆழத்திலிருந்து சரசரவென்று இழுத்தால் காற்றுப்பை உப்பி, விட்டபின் தலைகீழாக மிதக்கும். ஆகவே அவ்வளவு ஆழத்தில் பெரிய பெர்ச்சைத் தேடாதீர்கள், பாலத்தடி, கட்டிய படகுகளின் நிழல், வில்லோ வேர், இந்த இடங்களே போதும்.

பிடிக்கும்போது கையை முதலில் நனைத்துக்கொள்ளுங்கள். முதுகுத் துடுப்பைத் தலைப்பக்கமிருந்து வால்பக்கமாகத் தடவி மடக்குங்கள், எதிர்ப்பக்கம் தொட்டால் முள் ஏறும். செவுள் மூடியின் ஓரத்தில் கூர்மையான முனை ஒன்று இருக்கிறது, பிளேடு போல விரலைக் கீறும், எனக்கு இடது கட்டைவிரலில் இன்னும் தழும்பு இருக்கிறது. பல் உப்புத்தாள் மாதிரிதான், அதனால் கீழுதட்டைக் கட்டைவிரலால் பிடிக்கலாம், இன்னொரு கையால் வயிற்றைத் தாங்குங்கள்.

நீங்கள் போய்ச் சேர்வதற்கும் இலை உதிர்வதற்கும் சரியாக இருக்கும். அக்டோபரிலிருந்து மார்ச் பாதிவரை, விடிந்தும் விடியாத நேரம், அந்தி மங்கும் நேரம், மேகமூட்டமான நாள், இவைதான் பெரிய பெர்ச்சின் நேரம். அதற்கு முன்னால் குன்னூரிலேயே ஒரு வேலை செய்யலாம். நண்பர்கள் யாரிடமாவது லேசான கம்பு இருந்தால் வாங்கி, முள்ளை வெட்டின 10 கிராம் ஈயத்தலையைக் கட்டி, ஏதாவது ஒரு விளையாட்டு மைதானத்தில் 20 அடி தூரத்தில் ஒரு அட்டைப்பெட்டியை வைத்து அதற்குள் விழும்படி வீசிப் பழகுங்கள். கனமான கம்புக்குப் பழகின கை வேகமாக வீசப் பார்க்கும், அதை மறக்க ஒரு வாரம் ஆகும். கூடவே உங்கள் எமரால்டு கம்பில் அந்தத் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டு, அரை லிட்டருக்கு எவ்வளவு குனிந்தது, ஒரு லிட்டருக்கு எவ்வளவு குனிந்தது என்று இங்கேயே எழுதுங்கள். அதைப் பார்த்தால் நைலான் நரம்போடு அதையே ஒரு பருவம் சமாளிக்கலாமா, இல்லை முதல் சம்பளத்தில் புதிது வாங்கித்தான் ஆக வேண்டுமா என்று என்னால் சொல்ல முடியும்.